ஓரகத்தி வளர்த்த வால்வு

அக்காவுக்கான இதய வால்வை என் விலாவுக்குக் கீழே சுமந்துகொண்டு திரிந்த மாதங்களில், தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்கு எத்தனையாவது மாதம் என்று விசாரித்தார்கள். பிள்ளை காலேஜ் முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்ட பொம்பளையிடம் கேட்கிற கேள்வியா அது? முதலில் நின்று விளக்கம் சொன்னேன். அப்புறம் அலுத்துப்போய், "இது வால்வு, பேர் வைக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

அக்கா என்று நான் சொல்வது கூடப்பிறந்தவளை இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, தங்கபுஷ்பம். எனக்கு ஓரகத்தி. விருதுநகரில் எங்களுக்கு மிளகாய் வத்தல் மண்டி. கீழே மண்டி, முதல் மாடியில் வீடு, அதற்கு மேலே மொட்டை மாடியை ஒட்டி எங்கள் அறை. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. அந்தச் சமையலறையில் நானும் அக்காவும் நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் சமைத்துக்கொண்டிருந்தோம்.

காரணம் பெரிசாக ஒன்றுமில்லை. மதுரை ரோட்டில் ஒரு வீடு பார்த்துத் தனிக்குடித்தனம் போகலாம் என்று நான் ஆசைப்பட்டேன். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த ஒரு விசேஷ வீட்டில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அக்கா சொன்னாள், தான் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு அடுப்புதான் எரியும் என்று. என் வீட்டுக்காரர் தனசேகர் வாயே திறக்கவில்லை. அவருக்கு அண்ணியிடம் அவ்வளவு பயம். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான்.

ஆனாலும் சமையல் நடக்க வேண்டுமே. அதனால் இருவரும் ஃப்ரிட்ஜிடம் பேசினோம். அது பேசுகிற ஃப்ரிட்ஜ். "ஃப்ரிட்ஜே, நாளைக்கு எனக்குக் கல்யாண வீடு இருக்கு, சமைக்க முடியாது" என்று நான் சொல்வேன். அது "சரி, குறித்துக்கொண்டேன்" என்று சொல்லும். அக்கா அதைக் கேட்டுவிட்டு, தான் சமைப்பதாக அதனிடமே பதில் சொல்லுவாள். ஊரில் இருக்கிற குடும்பங்களிலேயே அதிகமாகப் பேச்சு வாங்கிய ஃப்ரிட்ஜ் அதுவாகத்தான் இருக்கும்.

அக்காவின் குரல் பெரிய குரல். மண்டியில் நின்று கூப்பிட்டால் ரயில்வே கேட்டில் நிற்கிற லாரிக்குக் கேட்கும். அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது ஒருத்தரும் கவலைப்படவில்லை. வத்தல் மண்டியில் தொண்டை கட்டாமல் யாருக்கு இருந்தது? அவளுடைய காது இரண்டும் சிவந்து வீங்கியபோதும் மிளகாய் நெடிதான் என்றோம். கண் சிவந்தது, அதுவும் நெடி. மூட்டு வலி என்றாள், மூட்டை தூக்கச் சொல்லி யார் சொன்னது என்று அவள் புருஷன், எங்கள் பெரியத்தான் கனகவேல் கடிந்துகொண்டார். மூக்குத்தண்டு லேசாக அமுங்கியதைக்கூட வயசாகிறது என்று தள்ளிவிட்டோம். வேறு ஊரில், வேறு தொழிலில் இருந்திருந்தால் முதல் வருஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். எங்களுக்கு எல்லாச் சிவப்புக்கும் ஒரே காரணம்தான் தெரியும்.

ஒரு நாள் மண்டியிலிருந்து மேலே ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். மெஹருன்னிசா டாக்டர் மார்பில் கருவியை வைக்கும் முன்னால் அவளுடைய காதைத்தான் பார்த்தார். பெரியத்தான் வழக்கம்போல நெடி என்று ஆரம்பித்தார்.

"மிளகாய் நெடி கம்மல் போடுற இடத்த மட்டும் விட்டுட்டு மத்த காதப் பிடிக்குமா சார்?" என்று டாக்டர் கேட்டார்.

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். மேல்காது முழுக்க ரத்தச் சிவப்பு. கீழே தொங்குகிற சதை மட்டும் சாதாரணமாக இருந்தது. அந்த இடத்தில் குருத்தெலும்பு இல்லையாம். இது குருத்தெலும்பைத் தேடித் தேடித் தாக்குகிற அபூர்வமான நோய் என்றார். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பை எதிரி என்று நினைத்துக்கொள்ளும். முதலில் காது, மூக்கு, தொண்டை. சிலருக்கு அதோடு நிற்காமல் இதயத்துக்குப் போய்விடும். அக்காவுக்குப் போயிருந்தது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் இருக்கிற வால்வு தளர்ந்து, போன ரத்தத்தில் பாதி திரும்பி உள்ளேயே வந்துகொண்டிருந்தது. இப்படியே விட்டால் அடுத்த வருஷம் தாங்காது என்றார்.

வேறு வால்வு வைத்துவிட வேண்டியதுதானே என்று பெரியத்தான் அழுதுகொண்டே கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உலோக வால்வு வைத்தால், அதைத் தைக்கிற விளிம்பு நோயால் அழற்சி கண்டு இளகி, தையல் பிய்ந்துவிடும். அக்காவின் சொந்தச் செல்லிலேயே வால்வு வளர்க்கலாம். ஆனால் சொந்தமானதைத்தானே அந்த உடம்பு கடித்துத் தின்கிறது? அந்நியருடையதை வைத்தால் அது வேறு காரணத்துக்காகத் தள்ளிவிடும்.

"அப்ப என்னதான் செய்யணும்?"

"சொந்தமும் இல்லாத, அந்நியமும் இல்லாத ஒருத்தர் வேணும்" என்றார் டாக்டர். "ரத்த உறவு கூடாது. ஆனா பத்து வருஷத்துக்கு மேல ஒரே வீட்டுல, ஒரே பானைச் சோறு சாப்பிட்டிருக்கணும். அப்படி இருந்தா ரெண்டு பேர் வயித்துலயும் ஒரே நுண்ணுயிர்க் கூட்டம் குடியிருக்கும். ஒருத்தர் உடம்ப இன்னொருத்தர் உடம்புக்கு ஏற்கெனவே பழக்கம். அவங்க தோலுக்கு அடியில ஒரு சின்ன அச்சு வைப்போம். அதச் சுத்தி அவங்க சதையே வால்வா வளரும். அது மட்டும்தான் இவங்க உடம்புல ஒட்டும்."

பெரியத்தான் உடனே சட்டையைத் தூக்கினார். டாக்டர் தலையாட்டி மறுத்துவிட்டார். பிள்ளை பெற்ற மனைவிக்குப் புருஷனுடையது ஆகாதாம். பிள்ளை வயிற்றில் இருந்தபோதே அதன் வழியாகப் புருஷனின் பாதியை அந்த உடம்பு பார்த்து, பகை வளர்த்து வைத்திருக்குமாம். இதைக் கேட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் ரத்த உறவு, அவர்களும் ஆகாது. கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரர், அந்தப் பிள்ளைகளுக்குச் சித்தப்பன், அவருடைய ரத்தத்திலும் அதே பாதி இருக்கும். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து டாக்டர் என் முகத்தில் நிறுத்தினார். இந்த வைத்தியத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேறு பெயரே இல்லையாம். ஓரகத்தி வைத்தியம் என்றுதான் நர்சுகள் சொல்லுவார்கள்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேண்டாம். அவகிட்டருந்து வேண்டாம்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சாகப்போகிறவளுக்கு இவ்வளவு வீம்பா? என் சதை ஆகாதா? எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளியே இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு சின்னப் பெண், கண் வீங்க அழுதிருந்தாள். பெரிய மருமகளுக்கு வால்வு வேண்டும் என்று இளைய மருமகளைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அச்சு வைத்துக்கொள்கிறவர்களுக்குக் காய்ச்சல் வரலாம், சீழ் வைக்கலாம், மாதக்கணக்கில் எந்த நோய்க்கும் பெரிய மருந்து சாப்பிட முடியாது. இத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த விதம் பாசத்தில் பிடிக்கிற விதமாக இல்லை.

சக்கர நாற்காலியில் வெளியே வந்த அக்கா அதைப் பார்த்தாள். நாற்காலியை அவர்கள் முன்னால் நிறுத்தச் சொன்னாள். இருந்த கம்மல் குரலை வைத்துக்கொண்டு அந்த மாமியாரிடம், "கைய விடுங்க. அது என்ன கத்திரிக்காயா, செடியிலருந்து பறிக்கிறதுக்கு?" என்றாள். அந்த அம்மாள் எதிர்த்துப் பேச வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். கை விலகியது. மூச்சு வாங்க வாங்க அக்கா அந்தப் பெண்ணிடம், டாக்டர் தனியாகக் கேட்பார், அப்போது மனசில் இருப்பதைச் சொல் என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளச் சொன்னாள். என்ன கோபம் இருந்தாலும், அவளை மாதிரி ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்லை. நாலு வருஷமாக அதை எனக்குள்ளேயே ஒத்துக்கொள்ளாமல் இருந்தேன்.

டாக்டர் என்னையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், யாராவது வற்புறுத்துகிறார்களா என்று. வற்புறுத்தவா? எடுத்துக்கொள்ள வேண்டியவளே வேண்டாம் என்கிறாள், டாக்டர் என்றேன். அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரு உடம்பு ஒரு தடவைதான் வால்வு வளர்க்கும். இரண்டாவது தடவை அச்சு வைத்தால் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டு வெறும் தழும்பைத்தான் வளர்க்கும். நோய் வராத உடம்பில் வளர்ந்த வால்வை, பின்னால் நோய் வந்தாலும் அந்த உடம்பு கடிக்காதாம்; ஆனால் அதைக் கொடுத்துவிட்டால், எனக்கே பின்னாளில் தேவைப்பட்டாலும் கிடைக்காது. அதை அந்த நேரத்தில் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எதற்கு வால்வு?

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று, கூடத்தில் படுத்திருந்த அக்காவுக்குக் கேட்கிற மாதிரி ஃப்ரிட்ஜிடம் சொன்னேன். "ஃப்ரிட்ஜே, குறிச்சுக்கோ. இந்த வீட்டுல ஒருத்தி வீம்பு பிடிச்சுச் செத்தா, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் நான் மதுரை ரோட்டுல தனி அடுப்பு வைப்பேன்."

கூடத்திலிருந்து இருமல் மாதிரி ஒன்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பெரியத்தானிடம் சம்மதம் என்று சொல்லியனுப்பினாள்.

அச்சு கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிசு. வலது விலாவுக்குக் கீழே தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். அதன் பிறகு பட்டதுதான் பாடு. வால்வு வளர்ந்து முடிகிற வரைக்கும் அக்கா சாப்பிடுகிறதையே, அதே பாத்திரத்திலிருந்து, அதே வேளைக்கு நானும் சாப்பிட வேண்டும். அக்காவுக்கோ இதயத்துக்காக உப்பைக் குறைத்திருந்தார்கள். வத்தல் மண்டிக்காரி வீட்டில் உப்பும் உறைப்பும் இல்லாத கூட்டு. அதையும் அக்காதான் செய்வேன் என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூச்சு முட்டினால் நிறுத்துவாள், சுவரில் சாய்வாள், மறுபடி கரண்டியை எடுப்பாள். நான் செய்கிறேன் என்று ஃப்ரிட்ஜிடம் சொல்லிப் பார்த்தேன். வயிற்றில் வைத்திருக்கிறவளுக்கு ஆக்கிப் போடுவதுதான் முறை என்று அதற்குப் பதில் வந்தது. வயிற்றில் இல்லை, விலாவில் என்று திருத்தினேன். ஃப்ரிட்ஜ் இரண்டையும் குறித்துக்கொண்டது.

ஊர் சும்மா இருக்குமா? கூட்டுக்குடும்பத்தின் பெருமையே பெருமை என்று பேச ஒரு கூட்டம் வந்தது. தொலைக்காட்சியிலும் அதே பேச்சு. மருமகள்களைத் தனியாக விடாதீர்கள், நாளைக்கு வால்வுக்கு ஆகும் என்கிற அளவுக்குப் போனார்கள். ஒரு கல்யாணத் தரகர், மாப்பிள்ளை வீட்டில் எத்தனை மருமகள்கள் இருக்கிறார்கள் என்பதையும் இப்போது பெண் வீட்டார் கேட்கிறார்கள் என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். வாசலைக் காட்டினேன். தனியாகப் போக ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. போயிருந்தால் அக்கா பிழைக்க வழி இருந்திருக்காது, அதுவும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருக்கிறபோது தரகருக்கு அதில் என்ன வேலை?

நாலாவது மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. தையல் போட்ட இடம் வீங்கிக் கனன்றது. டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துவிட்டு, லேசான மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம், குறையாவிட்டால் வால்வை எடுத்துவிட வேண்டும் என்றார். பாதி வளர்ந்த வால்வு குப்பைக்குத்தான் போகும். அக்காவின் இதயமோ அதற்குள் இன்னும் பலவீனப்பட்டிருந்தது. ராத்திரி படுத்தால் மூச்சடைக்கும் என்று உட்கார்ந்தே தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம் நான் மாடி அறையில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். படியில் ஒரு காலடி, அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இன்னொரு காலடி. கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு திரும்புகிற வரைக்கும் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துரு சுகந்தி" என்றாள். நாலு வருஷத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"எடுக்க மாட்டேன்."

"காய்ச்சல் ரத்தத்துல கலந்தா உனக்கு ஆபத்து. எனக்காக நீ எதுக்குச் சாகணும்?"

"நீங்க வேண்டாம்னு சொன்னதுதான் எனக்கு ஆபத்து, அக்கா. எங்கிட்டருந்து ஒண்ணு வாங்கிக்கிறத விடச் சாகுறதே மேல்னு நினைச்சீங்கள்ல."

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். அப்படியா நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கிற பார்வை. பிறகு, மூச்சு கிடைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கிறுக்கச்சி. ஒரு உடம்புக்கு ஒரு தடவதான் வளரும்னு அந்த டாக்டரம்மா முதல் நாளே எனக்குச் சொல்லிட்டாக. அதே நெடி, அதே சோறு, அதே வீடு. எனக்கு வந்தது நாளைக்கு உனக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? உன்னோடத எனக்குக் குடுத்துட்டு நீ அன்னைக்கு யாருகிட்டப் போயி நிப்ப?"

அழுதேன், வேறென்ன செய்ய? அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சி குடித்தாயா என்று கேட்டாள். வரும்போது வரட்டும் அக்கா, இப்போதைக்கு வந்திருப்பது உங்களுக்குத்தான் என்றேன். என் வீட்டுக்காரரும் பெரியத்தானும் சேர்ந்து அவளை நாற்காலியோடு கீழே இறக்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வீக்கமும் வடிந்தது.

வால்வு முதிர்ந்த அன்று இரண்டு பேரையும் ஒரே காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னுடையது சின்ன வேலை, மரத்துப்போகிற ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் டாக்டர் கண்ணாடி ஜாடியில் போட்டு என்னிடம் காட்டினார். வெளுத்த சதையில் மூன்று மடல்கள். லேசாக ஜாடியை அசைத்தால் மூன்றும் திறந்து மூடின. என் உடம்புக்கு இவ்வளவு நறுவிசாக ஒரு வேலை தெரியும் என்று எனக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது.

அக்காவை உள்ளே கொண்டுபோய் நெடுநேரம் ஆகியும் சேதி இல்லை. விலாக் கட்டோடு நான் சக்கர நாற்காலியில் வாசலிலேயே இருந்தேன். பெரியத்தான் பக்கத்தில். கடைசியில் ஜெபக்கனி என்கிற இளைய டாக்டர் வெளியே வந்து என் முன்னால் குனிந்தார்.

"உங்க அக்கா காலையில மயக்க ஊசி போடுறதுக்கு முன்னாடி ஒரு உறுதி வாங்கினாங்கம்மா" என்றார். "தைக்கிறதுக்கு முன்னாடி தன் நிலைமை கைமீறிப் போனா, வால்வ தனக்கு வைக்கக் கூடாது. திரும்ப ஜாடியில போட்டு, உறைய வச்சு, உங்களுக்காகப் பத்திரப்படுத்தணும். என்னோட சேர்த்து அத எரிச்சிராதீங்கன்னு சொன்னாங்க."

உள்ளே என்ன ஆயிற்று என்று கேட்டேன். நினைத்ததை விட நோய் ஆழமாகப் போயிருந்தது. வால்வு உட்கார வேண்டிய இடம் ஈரத்தாள் மாதிரி கிழிகிறதாம். தைத்தால் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பாதிக்குப் பாதிதான். தைத்தபின் அவள் பிழைக்காவிட்டால் வால்வும் வீண். இப்போது நிறுத்தினால் வால்வு மிஞ்சும், அவள் மிஞ்சமாட்டாள்.

"அவங்களுக்குக் குடுத்த வாக்கு இருக்கு. ஆனா தைக்கிற வரைக்கும் அது உங்க உடம்போட ஒரு பாகம். அதனால உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க மெஹருன்னிசா மேடம்."

பெரியத்தான் எழுந்தார். நான் பதில் சொல்கிறபோது தன் முகம் என் கண்ணில் படக் கூடாது என்று வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டதற்காக நான் அந்த நிமிஷத்தில் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவார்களா?

"தைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"யோசிச்சுக்கோங்கம்மா. நாளைக்கு உங்களுக்கு..."

"தைக்கச் சொல்லுங்க தம்பி. நேரமாகுது."

அவர் உள்ளே போனார். கதவு மூடியது. யாரோ காபி கொண்டுவந்து வைத்தார்கள், அது ஆடை கட்டி ஆறிப்போனது. வெயில் வராந்தாவில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்விட்டது. என் கட்டுக்குக் கீழே, வால்வு இருந்த இடம் காலியாக வலித்தது.

மெஹருன்னிசா டாக்டரே வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"தையல் பிடிச்சிருச்சு. இதயம் தானா ஓடுது" என்றார். பெரியத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, சொல்ல வேண்டியது தன் கடமை என்பது போலச் சொன்னார். "இனிமே அதத் திருப்பி எடுக்க முடியாதும்மா. உங்களுக்குன்னு ஒண்ணு இனி இல்ல."

"அப்பாடா" என்றேன் நான்.